கிடை மறித்த வெடிகுண்டு

கோவில்பட்டி கோர்ட்டில் நான் வக்கீலாக இருக்கிறேன். வரப்புத் தகராறு, வண்டிப்பாதைத் தகராறு, ஜீவனாம்சம் என்று பிழைப்பு ஓடுகிறது. வெடிகுண்டு வழக்கு என்று என் கைக்கு வந்தது ஒன்றே ஒன்றுதான். அதிலும் வெடிகுண்டு கிடையாது. இல்லாத அந்தக் குண்டுக்குக் கிடைத்த மரியாதையை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்தே வருகிறது.

அந்தக் குண்டை வாயாலேயே செய்து ஓடைப் பாலத்துக்கு அடியில் வைத்தவர் என் அத்தான், அதாவது அக்காவின் வீட்டுக்காரர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். துப்பறியும் கதை எழுத எனக்கு வராது. தவிரவும், துப்பறியச் சம்பளம் வாங்குகிறவர்கள் துப்பறியாமல் விட்டதுதான் இதில் சங்கதியே.

அக்காவைக் கட்டிக்கொடுத்த ஊர் கழுகுமலை போகும் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. கரிசல் பூமி. மழை பெய்தால் உளுந்து விளையும். பெய்யாவிட்டால் அரசாங்கத்தைத் திட்டலாம். அறுப்பு முடிந்து நிலம் சும்மா கிடக்கும் கோடையில், பசுவந்தனைப் பக்கத்திலிருந்து ஒரு கிடைக்காரர் தன் செம்மறி ஆடுகளைப் பத்திக்கொண்டு வருவார். பகலெல்லாம் மேய்ச்சல், இருட்டியதும் யாராவது ஒருவர் பிஞ்சை நிலத்தில் ஆடுகளை அடைத்துப் போடுவது, சில நாள் கழித்து அடுத்தவர் பிஞ்சை என்று கிடை நகர்ந்துகொண்டே போகும். ஆட்டுப் புழுக்கையும் மூத்திரமும் நிலத்துக்கு உரம். கிடை கிடந்த நிலம் எது, கிடக்காத நிலம் எது என்பதை அடுத்து வரும் உளுந்துச் செடியே காட்டிக்கொடுத்துவிடும். அதனால் கிடைக்காரர் வரும் மாதத்தில் ஊரில் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டு திரிவார்கள். யாரையும் மதிக்காத அத்தான்கூட அவரைக் கண்டால் பல்லெல்லாம் தெரியச் சிரிப்பார்.

கிடை யார் நிலத்தில் கிடக்கிறதோ, அவர் வீட்டில்தான் கிடைக்காரருக்குச் சாப்பாடு. இது பழைய வழக்கம். இப்போது இதோடு புதிதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. காட்டில் கரண்ட் கிடையாது என்பதால், காலையில் ஆடுகளை மேய்க்கப் போகும்போது போனை அந்த வீட்டிலேயே சார்ஜில் போட்டுவிட்டுப் போவார். பொழுது சாயத் திரும்பும்போது எடுத்துக்கொள்வார். பட்டன் போன். பூட்டு ஏதும் கிடையாது. பூட்டு எதற்கு என்றுகூட அவருக்குத் தோன்றியதில்லை.

அந்த வருஷம் அவர் மகள் தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு வந்திருந்தாள். மனைவி மகளோடு ஊரில் இருக்க, இவர் மச்சினனைத் துணைக்கு வைத்துக்கொண்டு ஆடுகளோடு இங்கே கிடந்தார். உடம்பு இங்கே, உயிர் அந்தப் போனில். சாயங்காலம் வந்ததும் தண்ணீர்கூடக் கேட்க மாட்டாராம். அக்காவிடம் முதல் கேள்வியே, "எம்மவட்டயிருந்து போன் ஏதும் வந்துச்சா தாயி?" என்பதுதான்.

அத்தானின் முறை முடிந்து, மறுநாள் கிடை ஓடைக்கு அந்தப் பக்கம் போக வேண்டும். அந்தப் பக்கம் இருப்பது அத்தானின் பங்காளி நிலம். இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. இன்னும் இரண்டு ராத்திரி இங்கேயே கிடக்கட்டும் என்று அத்தான் கேட்டுப் பார்த்திருக்கிறார். "வாக்குக் குடுத்தாச்சு அண்ணாச்சி, அடுத்த வருசம் பாத்துக்கிடுவோம்" என்று கிடைக்காரர் சொல்லிவிட்டார். அத்தான் அடுத்த பஸ்ஸுக்கே பொறுக்க மாட்டாத ஆள்.

ஓடையைத் தாண்ட ஆடுகளுக்கு ஒரே வழி அந்தப் பாலம். மற்ற இடமெல்லாம் சீமைக்கருவேலம் முள். பாலத்தை ஒரு நாள் மறித்தால் கிடை இந்தப் பக்கமே நிற்கும், யார் மேலும் பழி வராது என்று அத்தானின் மூளை வேலை செய்திருக்கிறது. அன்று சாயங்காலம், சார்ஜில் கிடந்த கிடைக்காரரின் போனை எடுத்து, வாயில் துண்டைப் பொத்திக்கொண்டு, போலீஸ் அவசர எண்ணுக்கு அடித்து, பாலத்துக்கு அடியில் குண்டு இருக்கிறது என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். தன் போனில் பேசினால் போலீஸ் தன்னைத் தேடி வரும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. கிடைக்காரர் போனில் பேசினால் போலீஸ் யாரைத் தேடிப் போகும் என்கிற இடத்தில் மட்டும் மூளைக்குச் சிக்னல் கிடைக்கவில்லை.

போலீஸ் வந்தது. ரோட்டுக்குக் குறுக்கே கயிறு கட்டினார்கள். மாவட்டத் தலைநகரத்திலிருந்து வெடிகுண்டு நிபுணர்களால் மறுநாள்தான் வர முடிந்தது. வந்தவர்களோடு மோப்ப நாயும் வந்தது. பாலத்துக்கு அடியில் உண்மையிலேயே ஒரு சாக்கு மூட்டை இருந்தது. நாய் அதை மோந்துவிட்டு உட்கார்ந்தது. நாய் உட்கார்ந்தால் ஆபத்து என்று பொருளாம். கூட்டம் பின்னால் ஓடியது. மூட்டையில் இருந்தது தீப்பெட்டிக் கம்பெனியில் கழித்துப் போட்ட மருந்துக் குச்சி. எங்கள் பக்கம் எந்தப் பாலத்துக்கு அடியில் குனிந்தாலும் அப்படி ஒரு மூட்டை கிடைக்கும். பிறகு நாய், கம்பெனி வேலை முடிந்து வேனில் வந்து இறங்கிய பெண்கள் முன்னால் உட்கார்ந்தது. பெட்டிக்கடை முன்னால் உட்கார்ந்தது. வீட்டில் தீப்பெட்டி ஒட்டுகிற ஒரு வயசான பாட்டா முன்னாலும் உட்கார்ந்தது. வந்த இடத்தில் நாய் நேர்மையாகத்தான் வேலை பார்த்தது. கோவில்பட்டி வட்டாரம் அதன் பாடத்திட்டத்தில் இல்லை, அவ்வளவுதான்.

குண்டு இல்லை என்று தெரிந்த பிறகும் கயிற்றை அவிழ்க்கவில்லை. அது இப்போது 'சம்பவ இடம்' ஆகிவிட்டது. சம்பவம் நடக்காத இடத்தைச் சம்பவ இடமாகப் பாதுகாத்துக்கொண்டு இரண்டு போலீஸ்காரர்கள் வெயிலில் காய்ந்தார்கள். அத்தான் அவர்களுக்கு மோர் கொடுத்து அனுப்பினார். நகர முடியாமல் நின்ற ஆடுகளுக்குத் தன் மோட்டாரில் தண்ணீர் இறைத்துவிட்டார். "இந்தக் காலத்துல இப்பிடி ஒரு மனுசனா" என்று ஊரில் நாலு பேர் சொன்னார்கள். ஆடுகள் அவர் நிலத்தில் நிம்மதியாகப் புழுக்கை போட்டுக்கொண்டிருந்தன.

எண்ணைத் தேடி எடுத்ததும் கிடைக்காரரைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். எனக்கு அக்காதான் போன் போட்டாள். "ஏட்டி, நம்ம கிடைக்காரரப் பிடிச்சிட்டுப் போயிட்டாவ. அவிய ஒரு ஈ எறும்புக்குத் தீங்கு நினைக்காத ஆளு. நீ ஒடனே ஸ்டேஷனுக்குப் போ" என்றாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. எனக்கும் தெரியாது. ஒன்றும் தெரியாத இரண்டு பேர் நியாயத்துக்காகக் கிளம்பினோம்.

ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் என்னை உட்காரச் சொல்லிவிட்டுச் சட்டப் பிரிவுகளை அடுக்கினார். பொதுமக்களுக்குப் பீதி உண்டாக்கியது, பெயர் சொல்லாமல் மிரட்டியது, அரசு ஊழியருக்குப் பொய்த் தகவல் கொடுத்தது என்று போய்க்கொண்டே இருந்தது. புதுச் சட்டத்தின் இந்திப் பெயரை அவர் ஒரு மாதிரி உச்சரித்தார், நான் ஒரு மாதிரி உச்சரித்தேன். இரண்டும் சரியில்லை என்பது இருவருக்கும் தெரியும். பொய்க் குண்டுக்காரர்கள் மேல் சட்டத்துக்கு இருக்கிற கோபத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஒரு பொய்க்காக ஓடுகிற ஜீப்பும் நிபுணரும் அந்த நேரத்தில் வேறு யாருக்கோ உண்மையாகவே தேவைப்படலாம். ஆனால் அந்தக் கோபம் வெறும் செல்போன் எண்ணைப் பிடித்துக்கொண்டு போய், எண்ணுக்குச் சொந்தக்காரன் தலையில் இறங்குகிறது. பாலத்தை மறித்ததில் யாருக்கு லாபம் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால், அத்தான் பிஞ்சையே சாட்சி சொல்லியிருக்கும்.

"பேசின நேரத்துல போன் இவர் கையிலேயே இல்ல சார், நிலத்துக்காரர் வீட்டுல சார்ஜ்ல இருந்துச்சு" என்றேன்.

"ஏம்மா, போனை அடுத்தவன் வீட்டுல போட்டுட்டு எவனாவது பகல் பூரா காட்டுக்குப் போவானா? நான் பாத்ரூம் போனாக்கூட எடுத்துட்டுத்தான் போறேன்" என்றார் இன்ஸ்பெக்டர். அவர் வெளியூர்க்காரர். "அந்த நிலத்துக்காரரையும் விசாரிச்சாச்சு. மத்தியானமே வந்து வாங்கிட்டுப் போயிட்டான்னு சொல்றாரு. நல்ல மனுசன். எங்க ஆளுங்களுக்கு மோர் குடுத்தாரு."

அந்த இடத்தில்தான் எனக்கு முதல்முறையாகச் சந்தேகம் தட்டியது. போனைச் சாயங்காலம்தான் அவர் எடுப்பார் என்று அக்கா சொல்லியிருக்கிறாள். அத்தான் ஏன் மத்தியானம் என்கிறார்? அக்காவை விசாரித்தார்களா என்று கேட்டேன். வீட்டில் ஆம்பிளை இருக்கும்போது பொம்பளையை எதற்கு அலைக்கழிக்க வேண்டும் என்று பெருந்தன்மையாகச் சொன்னார்கள். போலீஸுக்கு வந்த அழைப்பின் பதிவைக் கேட்க வேண்டும் என்றேன். "அது விசாரணை ரகசியம்மா. வக்கீலுக்கே ஆனாலும் குடுக்க முடியாது."

கிடைக்காரர் ஒரு மூலையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். பிரிவுகளைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. அவர் பார்வை மேஜை மேலேயே இருந்தது. அங்கே அவர் போனை ஓர் உறைக்குள் போட்டு அரக்கு வைத்து மூடியிருந்தார்கள். அணைத்து வைக்க மறந்திருக்கிறார்கள். நான் இருக்கும்போதே உறைக்குள் போன் அடித்தது.

"எம்மவதான். எடுத்து என்னன்னு மட்டும் கேளுங்கய்யா" என்றார் கிடைக்காரர்.

"சீல் வச்சத உடைக்க முடியாதுய்யா. அது இப்ப கேஸ் சொத்து" என்றார் ஏட்டு. அவர் முகத்திலும் சங்கடம்தான். ஆனாலும் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். போன் அடித்து ஓய்ந்தது. திரும்ப அடித்தது. நாங்கள் எல்லோரும் ஒரு காகித உறையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். சட்டம் படித்ததற்காக நான் அப்படி வெட்கப்பட்டது அதற்கு முன்னால் கிடையாது.

விடாமல் அடிக்கிற எண் யாருடையது என்று இன்ஸ்பெக்டருக்குச் சந்தேகம் வந்தது. குண்டு வைத்தவனுக்குக் கூட்டாளி இருக்க வேண்டுமே. "அது என் மகள்" என்று குற்றவாளி சொன்னால் நம்பிவிட முடியுமா? பசுவந்தனைப் பக்கத்துக்கு ஒரு ஜீப் போனது. போன ஜீப் மறுநாள் காலையில், இவரைக் கோர்ட்டுக்குக் கூட்டிப்போகும் முன்னால் திரும்பி வந்தது. போய்வந்த போலீஸ்காரர் விறைப்பாக நின்று அறிக்கை சொன்னார்: "கூட்டாளிய விசாரிச்சாச்சு சார். ஆஸ்பத்திரில இருக்கு. நேத்துத்தான் பொண் குழந்தை பொறந்திருக்கு. தாயும் பிள்ளையும் சுகம்."

கிடைக்காரர் தாத்தா ஆன சேதி அவருக்கு இப்படித்தான் வந்து சேர்ந்தது. அவர் தலைத்துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அதை ஒரு போலீஸ்காரர் குற்ற உணர்ச்சி என்று எடுத்துக்கொண்டார். அன்றைக்கே கிடைக்காரர் ரிமாண்ட் ஆகி ஜெயிலுக்குப் போனார். நான் ஜாமீன் மனு போட்டேன். வெடிகுண்டு என்ற சொல் இருப்பதால் அரசுத் தரப்பு பதில் சொல்ல அவகாசம் கேட்டது.

இதற்குள் மாவட்ட நிர்வாகம் விழித்துக்கொண்டது. பொய்த் தகவல்களைத் தடுக்க ஊர்தோறும் விழிப்புணர்வுக் கூட்டம் நடத்த உத்தரவாம். சம்பவ ஊர் என்பதால் முதல் மரியாதை அக்கா ஊருக்குக் கிடைத்தது. 'கிராம விழிப்புணர்வுக் குழு' ஒன்றை அமைத்து, அதற்குத் தலைவராக அத்தானைப் போட்டார்கள். மோர் கொடுத்த கைக்கு அது நியாயம்தான். 'பொய்த் தகவல் தருவது தண்டனைக்குரிய குற்றம்' என்று எழுதிய பெரிய போர்டு ஒன்றைப் பாலத்துப் பக்கத்தில் நட்டார்கள். கீழே 'உபயம்' என்று போட்டு அத்தான் பெயர் இருந்தது.

கூட்டத்துக்கு நானும் போயிருந்தேன். சமுதாயக்கூடம் நிறைந்திருந்தது. அத்தான் மேடையில் சால்வையோடு உட்கார்ந்திருந்தார். முதலில் வருவாய்த்துறை அதிகாரி ஒருவர் அரசின் நடவடிக்கைகளை வாசித்தார். இனிமேல் வெளியூர்க் கிடை ஆடுகள் வந்தால் முன்கூட்டியே ஸ்டேஷனில் பதிய வேண்டும். மேய்ப்பவர்கள் அடையாள அட்டையைக் கழுத்தில் தொங்கவிட வேண்டும். அடுத்தவர் போனை யாரும் தங்கள் வீட்டில் சார்ஜ் போட அனுமதிக்கக் கூடாது. பொய் சொல்வதை எப்படித் தடுப்பது என்பது பற்றி அதில் ஒன்றும் இல்லை. அத்தான் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார்.

பிறகு இன்ஸ்பெக்டர் எழுந்தார். சமூக விரோதிகள் எப்படிப் பேசுவார்கள் என்பதை மக்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்றார். எனக்குக் கொடுக்க முடியாத விசாரணை ரகசியத்தைக் கோயில் கொடைத் திருவிழாவுக்கு வாடகைக்கு விடுகிற ஸ்பீக்கரில் போட்டார்.

"பாலத்துக்கு அடியில குண்டு இருக்கு" என்று துண்டுக்குள்ளிருந்து ஒரு கரகரத்த குரல் வந்தது. யார் குரல் என்று சொல்ல முடியாது. ஆனால் ஓர் ஆட்டுச் சத்தம்கூட இல்லை. கிடைக்காரர் எங்கே நின்று பேசினாலும் பின்னால் மே மே என்று கேட்காமல் இருக்காது. இதில் ஒரு சீலிங் பேன் ஓடுகிற கடகடச் சத்தம்தான் கேட்டது. நான் அதைக் கவனித்துக்கொண்டிருக்கும்போதே, ஸ்பீக்கரில் இன்னொரு குரல் கொஞ்சம் தள்ளி, தெளிவாக வந்தது.

"ஏங்க, யாருகிட்ட பேசுதீய? காப்பி ஆறிப்போவுது, வாங்க."

நான் பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்த குரல். சமுதாயக்கூடத்தில் இருந்த அத்தனை பேருக்கும் தெரிந்த குரல். ஆனால் யாரும் திரும்பவில்லை. எல்லோரும் திடீரென்று கூரையைப் பார்த்தார்கள், காலைப் பார்த்தார்கள், மொபைலைப் பார்த்தார்கள். மேடையில் இருப்பவர் நாளைக்கும் ஊரில் இருப்பவர். ஜெயிலில் இருப்பவர் கோடையில் வந்து போகிறவர். மேடையில் அத்தான் சால்வையைச் சரிசெய்துகொண்டே இருந்தார். வழக்கு என் கையில் இருந்தும் எனக்கே நாக்கு எழவில்லை. அவர் என் அக்கா புருஷன்.

பெண்கள் பக்கத்திலிருந்து அக்கா எழுந்து நின்றாள்.

"கேள்வியெல்லாம் கடைசியில கேட்கலாம்மா, உக்காருங்க" என்றார் இன்ஸ்பெக்டர்.

"கேள்வி இல்ல சார். அது எங்குரலு" என்றாள் அக்கா. "அன்னைக்கு எங்க வீட்டு பேனுக்குக் கீழ உக்காந்து பேசினது இந்தா மேடையில இருக்காவளே, இவிய. யாருகிட்ட பேசுதீயன்னு கேட்டேன். உரக்கடைக்காரர்ட்டன்னு சொன்னாவ. போன் எங்க வீட்டுல பொழுது சாயுற வரைக்கும் இருந்துச்சு. நாந்தான் எடுத்துக் குடுத்தேன். அந்த மனுசன இன்னைக்கே விடுங்க. பேத்தி பொறந்திருக்கு."

இன்ஸ்பெக்டர் மைக்கை அணைத்தார். எனக்கு என் அக்கா மேல் அன்றைக்கு வந்த பெருமையை இன்றுவரை அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் அழுதுவிடுவாள்.

கிடைக்காரருக்கு அதற்கடுத்து ஜாமீன் கிடைத்தது. பிறகு வழக்கிலிருந்தே விடுவித்தார்கள். அதே பிரிவுகள் அப்படியே அத்தானுக்கு இடம் மாறின. அவருக்காக வேறு வக்கீல் ஆஜரானார், நான் மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அவர் ஜாமீனில் வரக் கிடைக்காரருக்கு ஆன அளவுக்கு நாள் ஆகவில்லை. வழக்கு வாய்தாவில் இருக்கிறது. போர்டில் உபயத்தின் மேல் மட்டும் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். கிடைக்காரர் ஜெயிலில் இருந்த நாளெல்லாம் ஆடுகள் அத்தான் பிஞ்சையில்தான் கிடந்தன. அந்த வருஷம் அவர் நிலத்தில் உளுந்து இடுப்பளவு நின்றது. குற்றத்தால் வந்த ஆதாயத்தைப் பறிமுதல் செய்யச் சட்டத்தில் இடம் உண்டு. மண்ணுக்குள் போன புழுக்கையை எந்தப் பிரிவில் பறிமுதல் செய்வது? அக்கா இப்போதும் வேளாவேளைக்குக் காப்பி போட்டு வைக்கிறாள். கூப்பிடுவதில்லை. அத்தான் ஆறிய காப்பிதான் குடிக்கிறார்.

சட்டம் பறிமுதல் செய்த ஒரே பொருள் கிடைக்காரரின் போன். வழக்கு முடியும்வரை அது கோர்ட்டு சொத்து. நான் மனுப் போட்டேன். சான்றுப் பொருளைத் தர முடியாது என்று ஆட்சேபித்தார்கள். படம் எடுத்து வைத்துக்கொண்டு, கேட்கும்போது கொண்டுவந்து காட்டுவதாக எழுதி வாங்கிக்கொண்டு, ஒருவழியாகக் கொடுத்தார்கள். அதற்குள் பேத்தி தவழ ஆரம்பித்துவிட்டாள்.

போனை வாங்கிக்கொண்டு நேரே என் ஆபீஸுக்கு வந்தோம். உயிரே இல்லை அதில். சார்ஜில் போட்டேன். "சாயங்காலம் வரைக்கும் ஆகும் போலருக்கு. நீங்க போயி சாப்பிட்டு, வேலையிருந்தா முடிச்சிட்டு வாங்க. இங்கன பத்திரமா இருக்கும்" என்றேன்.

"இருக்கட்டும் வக்கீலம்மா. இங்கனயே இருக்கேன்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. பிளக்குக்குக் கீழே தரையில் உட்கார்ந்து சுவரில் சாய்ந்துகொண்டார். நாற்காலி போட்டேன், வேண்டாம் என்றார். நான் அவருக்காக வாதாடியவள்தான். ஆனால் அத்தான் வீட்டுக்கு நான் கொழுந்தியா. எனக்குச் சுருக்கென்றது. என் வழக்குக் கட்டுகளைப் பிரித்து வைத்துக்கொண்டு படிக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

போன் உயிர் பெற்றதும் அவர் வயரைக் கழற்றாமலே கையில் எடுத்தார். திரையில் எடுக்காத அழைப்புகள் வரிசையாக நின்றன. எல்லாம் ஒரே எண். ஜெயிலிலிருந்து வந்த பிறகு அவர் மகளை எத்தனையோ தடவை பார்த்துவிட்டார். பேத்திக்குக் காது குத்தியபோது மடியில் வைத்துக்கொண்டதே அவர்தான். ஆனாலும் அந்த எண்ணை அழுத்திக் காதில் வைத்தார். அந்தப் பக்கம் எடுத்தார்கள்.

"என்னத்தா," என்றார், "கூப்பிட்டிருந்தியே?"